எடிட்டரில் உள்தள்ளலைக் கண்ணுக்குத் தெரிய வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு முன் விறாந்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பைதன் என்ற நிரல் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி என்று நாலு பக்கமிருந்தும் வருகிறார்கள். நிபந்தனைக்கான ‘இஃப்’, சுழற்சிக்கான ‘ஃபோர்’ தொடங்கும் கிழமையில் ஒவ்வொரு வருடமும் உள்தள்ளல் பற்றி, அதாவது வரிக்கு முன்னால் விடும் இடைவெளி பற்றி, இதே கேள்விகள்தான் வரும். ஒரு பிள்ளைக்குச் சொன்ன பதில் இன்னொரு பிள்ளைக்கும் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன். மெனுப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும், ஒலியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

“சேர், என்ட புரோகிராம் சரியாத்தான் கிடக்கு. ஏன் ஓடுதில்லை?”

போன வருடம் கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு பிள்ளை இப்படித்தான் கேட்டாள். பென் டிரைவில் 23 வரி நிரல். வீட்டில் அண்ணாவின் லப்டொப்பில் அடித்தது. அடுத்த நாள் பாடசாலை ஆய்வுகூடத்தில் அதை நோட்பேடில் திறந்து ஒரு வரியை மட்டும் சேர்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு ஓடவில்லை. டேப்பும் ஸ்பேஸும் கலந்துவிட்டன என்று பைதன் வரி எண்ணோடு சொன்னது. அந்த வரியைப் பார்த்தால் மேல் வரியோடு நேராகத்தான் நிற்கிறது. எழுத்துப் பிழையா, நிறுத்தற்புள்ளி விட்டுப்போனதா என்று முக்கால் மணி நேரம் தேடினோம். கடைசியில் மறைந்திருக்கும் எழுத்துகளைக் காட்டும்படி எடிட்டரை, அதாவது நிரல் எழுதும் செயலியை, மாற்றினேன். எல்லா வரிகளுக்கும் முன்னால் சின்னச் சின்னப் புள்ளிகள். அந்த ஒரு வரிக்கு முன்னால் மட்டும் ஓர் அம்புக்குறி.

அவளுடைய யோசனையில் ஒரு பிழையும் இல்லை. நிரலின் தர்க்கம் முழுதும் சரி. கண்ணுக்குத் தெரியாத ஒற்றை எழுத்துக்காக அந்தப் பிள்ளை தன் மூளையில் பிழை தேடிக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து என் வகுப்பில் முதல் நாள் நிரல் எழுதுவதில்லை, எடிட்டரைச் சரிப்படுத்துவதுதான் வேலை.

உள்தள்ளல் அழகுக்குத்தானே? அதற்கு ஏன் இவ்வளவு கவனம்?

சி, ஜாவா போன்ற மொழிகளில் எது எதற்குள் இருக்கிறது என்பதை நெளிந்த அடைப்புக்குறிகள் சொல்லும். சாதாரண தரத்தில் படித்த பாஸ்கலில் அந்த வேலையை ‘பிகின்’, ‘என்ட்’ செய்யும். அங்கே இடைவெளி அழகுக்குத்தான். பைதனில் வரிக்கு முன்னால் விடும் இடைவெளியே இலக்கணம். இந்த எண்ணம் பழையது. பீட்டர் லான்டின் 1966இல் இதற்கு ‘ஒஃப்சைட் விதி’ என்று பெயர் வைத்தார். 1991இல் வெளிவந்த பைதன், அதற்கு முந்திய ஏபிசி மொழியிலிருந்து இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டது.

வகுப்பில் நான் எழுதிக் காட்டும் உதாரணம் இது. கட்டளைச் சொற்களையும் தமிழ் எழுத்தில் தருகிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள். வரிக்கு முன்னால் உள்ள ஒரு ‘·’ குறி என்றால் ஒரு ஸ்பேஸ். ‘புள்ளிகள்’ என்பது பரீட்சைப் புள்ளிகள், ‘சித்தி’ என்பது சித்தியடைந்தவர்களின் எண்ணிக்கை.

```
புள்ளிகள் = [72, 28, 41, 19, 66]
சித்தி = 0
ஃபோர் புள்ளி இன் புள்ளிகள்:
····இஃப் புள்ளி >= 35:
········சித்தி = சித்தி + 1
பிரின்ட்(சித்தி)
```

இப்படியே ஓடவிட்டால் ‘3’ என்று ஒரு தரம் வரும். கடைசி வரியை நாலு ஸ்பேஸ் உள்ளே தள்ளுங்கள். இப்போது 1, 1, 2, 2, 3 என்று ஐந்து வரி வரும், ஏனென்றால் பிரின்ட் வரி ‘ஃபோர்’க்குள் போய்விட்டது. எட்டு ஸ்பேஸ் தள்ளினால் 1, 2, 3 வரும், ஏனென்றால் அது ‘இஃப்’புக்கும் உள்ளே போய்விட்டது. மூன்றிலும் எழுத்து ஒன்று, சொல் ஒன்று, பைதன் மூன்றையும் முறைப்பாடு இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. பிழைச் செய்தி வந்தால் அதிர்ஷ்டம். செய்தியே வராமல் பிழையான விடை வரும்போதுதான் பிள்ளை தடுமாறிப்போகிறது. அந்த வரி எத்தனை படி உள்ளே நிற்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

“விஎஸ் கோட் வைச்சிருக்கிறன். எங்க தட்ட வேணும்?”

விஎஸ் கோட் என்ற எடிட்டரில் இரண்டு வெவ்வேறு விடயங்கள் இருக்கின்றன, பிள்ளைகள் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, வழிகாட்டிக் கோடு. எத்தனை படி உள்ளே என்பதைச் செங்குத்துக் கோடுகளால் காட்டும். மற்றது, வெற்றெழுத்துக் குறி. அந்த இடைவெளி எதனால் ஆனது என்பதைப் புள்ளியாலும் அம்பாலும் காட்டும். கிண்ணியாப் பிள்ளையின் திரையில் கோடு இருந்தது, குறி இருக்கவில்லை. டேப்பும் நாலு ஸ்பேஸும் ஒரே அகலத்தில் விழுந்தால் கோட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வழிகாட்டிக் கோடு விஎஸ் கோடில் ஏற்கெனவே போடப்பட்டுத்தான் வருகிறது. கர்சர் நிற்கும் பகுதியின் கோடு மற்றதைவிடச் சற்றுத் தெளிவாகவும் தெரியும். தெரியவில்லை என்றால் கன்ட்ரோலையும் கமாவையும் சேர்த்து அழுத்திச் செட்டிங்ஸைத் திறந்து, ‘கைட்ஸ் இன்டென்டேஷன்’ என்று தேடி, கட்டத்தில் சரி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

குறிக்கு அதே இடத்தில் ‘ரெண்டர் வைட்ஸ்பேஸ்’ என்று தேடுங்கள். இயல்பாக ‘செலக்ஷன்’ என்று இருக்கும். அதாவது தெரிவுசெய்த பகுதியில் மட்டும் புள்ளிகள் தெரியும். ‘ஓல்’ என்று வைத்தால் சொற்களுக்கு நடுவேயும் புள்ளி விழுந்து கண் கூசும். ‘பௌண்டரி’ என்று வையுங்கள். சொற்களுக்கு நடுவே உள்ள ஒற்றை இடைவெளியை விட்டுவிட்டு, வரி முன்னால் உள்ளதைக் காட்டும். நமக்கு வேண்டியது அதுதான்.

பிறகு கண்ணைக் கீழ்ப்பட்டியின் வலது பக்கம் கொண்டுபோங்கள். ‘ஸ்பேசஸ்: 4’ அல்லது ‘டேப் சைஸ்: 4’ என்று எழுதியிருக்கும். திறந்த பைலில் எடிட்டர் எதைப் பயன்படுத்துகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அதைத் தட்டினால் ‘கொன்வேர்ட் இன்டென்டேஷன் டு ஸ்பேசஸ்’ என்று ஒரு தெரிவு வரும். அழுத்தினால் வரி முன்னால் உள்ள டேப் எல்லாம் ஸ்பேஸாகிவிடும். முக்கால் மணி நேர வேலை ஒரு தட்டில் முடியும்.

நான் 4 என்று வைத்தேன். சில பைல்களில் மட்டும் 2 ஆகிவிடுகிறதே?

‘டிடெக்ட் இன்டென்டேஷன்’ என்ற தெரிவு இயல்பாகவே இயங்குகிறது. பைலைத் திறக்கும்போது உள்ளே ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தைப் பார்த்து, உங்கள் தெரிவை ஒதுக்கிவிட்டு அதையே பின்பற்றும். நண்பர் இரண்டு ஸ்பேஸில் எழுதித் தந்திருந்தால் அதே பழக்கத்தில் தொடர்வது நல்லது. நிறுத்திவிட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

கோடு மங்கலாக இருக்கிறது. பின்னேர வெயிலில் தெரியவே இல்லை.

என் விறாந்தையிலும் இதே பிரச்சினைதான். நாலு மணிக்கு மேல் மேற்குப் பக்கத்து வெயில் நேரே திரையில் விழும், கறுப்புத் தீமில் சாம்பல் கோடு கரைந்துபோகும். முதலில் வெள்ளைத் தீமுக்கு மாறிப் பாருங்கள். வெளிச்சமான இடத்தில் அது கண்ணுக்கும் இதம்.

அது போதாதென்றால் நிறத்தை மாற்றலாம். செட்டிங்ஸில் ‘கலர் கஸ்டமைசேஷன்ஸ்’ என்று தேடி, ‘வொர்க்பெஞ்ச்’ என்ற பிரிவில் வருவதைத் திறந்தால் ஓர் எழுத்துக் கோப்பு விரியும். அங்கே மேற்கோள் குறிக்குள் ‘எடிட்டர் இன்டென்ட் கைட்’ என்பதன் முதல் எழுத்துகளை அடித்தாலே பட்டியல் இறங்கும். 1 முதல் 6 வரை எண் போட்ட பெயர்கள் இருக்கும், ஆறு ஆழத்துக்கு ஆறு நிறம் கொடுக்கலாம். ‘அக்டிவ்’ என்ற சொல் சேர்ந்தவை கர்சர் நிற்கும் கோட்டுக்கு உரியவை. நிறத்தை எட்டு இலக்கத்தில் எழுதுங்கள், உதாரணமாக #80808040. முதல் ஆறும் சாம்பல் நிறம், கடைசி இரண்டும் எவ்வளவு அடர்த்தி என்பது. 40 என்றால் கால்வாசி அளவு, 80 என்றால் அரைவாசி. வெயிலுக்கு 80 சரியாக இருக்கும்.

அதற்கு மேல் போகாதீர்கள். தம்பலகாமத்துப் பிள்ளைகளுக்கு நான் இதை வரம்பு என்றே சொல்லிக்கொடுக்கிறேன். எந்த வயல் எங்கே முடிகிறது என்று காட்டத்தான் வரம்பு. வரம்பே அகன்றுபோனால் நெல் விதைக்க இடம் இருக்காது.

வானவில் மாதிரி நிறம் போடும் எக்ஸ்டென்ஷன் ஒன்று இருக்கிறதாமே?

அதன் பெயர் ‘இன்டென்ட் ரெயின்போ’. எக்ஸ்டென்ஷன் என்பது எடிட்டரோடு மேலதிகமாகச் சேர்க்கும் துணை நிரல். வரிக்கு முன்னால் உள்ள வெற்றிடத்துக்கே படிக்கு ஒரு நிறமாக மாறி மாறி நாலு நிறம் பூசும். டேப் அளவோடு பொருந்தாத இடைவெளி, உதாரணமாக ஐந்து ஸ்பேஸ், இருந்தால் அதைச் சிவப்பில் காட்டும். தொடக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை விரும்பிப் பரிந்துரைக்கிறேன், அந்தச் சிவப்புக்காகவே. ஒரு ஸ்பேஸ் தவறிவிட்டதென்றால் ஓடவிடும் முன்பே தெரிந்துவிடும். இரண்டு மாதம் போனபின் பலர் தாங்களாகவே அதைக் கழற்றிவிட்டு மெல்லிய கோட்டுக்குத் திரும்புகிறார்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்கள் நிறங்களைச் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம்.

அடைப்புக்குறிகளுக்கு நிறம் போடுவது வேறு வசதி. அது 2021இல் எடிட்டருக்குள்ளேயே வந்துவிட்டது. பைதனைவிட ஜாவாஸ்கிரிப்ட் எழுதும்போது அதன் பயன் அதிகம்.

டேப்பா ஸ்பேஸா? முடிவாகச் சொல்லுங்கள்.

பைதனுக்கு ஸ்பேஸ், படிக்கு நாலு. 2001இல் எழுதப்பட்ட பெப் 8 என்ற பைதன் எழுத்து நடை வழிகாட்டியின் பரிந்துரை அதுதான். அதற்காக ஸ்பேஸ் பாரை நாலு தரம் தட்ட வேண்டியதில்லை. ஸ்பேஸ் போடும்படி எடிட்டரை அமைத்துவிட்டால் டேப் பட்டனைத் தட்டினாலே நாலு ஸ்பேஸ் விழும்.

கணினிக்கு டேப் ஒரு தனி எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அஸ்கி அட்டவணையில் அதன் எண் 9, ஸ்பேஸின் எண் 32. டேப் எவ்வளவு அகலம் என்பது எழுத்தில் இல்லை, காட்டும் எடிட்டர்தான் தீர்மானிக்கிறது. ஒரு திரையில் நாலு, இன்னொன்றில் எட்டு. மேலே தந்த உதாரணத்தில் பிரின்ட் வரிக்கு முன்னால் ஒரு டேப் இருப்பதாக வையுங்கள். டேப்பை நாலாகக் காட்டும் எடிட்டரில் அது ‘இஃப்’போடு நேராக நிற்கும். பைதன் 2 டேப்பை எட்டு இடம் வரை நகர்த்திக் கணக்கிட்டதால், அதே வரியைச் சத்தமில்லாமல் ‘இஃப்’புக்குள் சேர்த்துவிடும். கண் ஒன்று பார்க்கும், இயந்திரம் வேறொன்று செய்யும். பைதன் 3 இந்தக் கலப்பை ஏற்காமல் ‘டேப் எரர்’ என்று நிறுத்திவிடுகிறது. அந்தச் செய்தி வந்தால் திட்டாதீர்கள், அது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

எல்லா இடத்திலும் ஸ்பேஸ்தான் என்று நினைக்கவும் வேண்டாம். நிரலைத் தொகுக்கும் கட்டளைகளை எழுதும் மேக்ஃபைலில் கட்டளை வரிக்கு முன்னால் டேப்தான் வர வேண்டும். கோ மொழியின் ஒழுங்குபடுத்தி டேப்தான் போடும். அமைப்புகளை எழுதிவைக்கும் யாமல் கோப்பில் உள்தள்ளலுக்கு டேப் தடை. இவற்றை எழுதும்போது குறிகள் தெரிவது இன்னும் அவசியம்.

குழுவாகச் செயற்றிட்டம் செய்பவர்கள் ‘டொட் எடிட்டர்கொன்ஃபிக்’ என்ற சின்னக் கோப்பைச் செயற்றிட்ட அடைவில் வைத்தால், ஸ்பேஸா டேப்பா, எத்தனை என்பதை எல்லாருடைய எடிட்டரும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். விஎஸ் கோடில் அதற்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போட வேண்டும்.

“வீட்டுக் கொம்பியூட்டர் பழசு. விஎஸ் கோட் இழுக்குது இல்லை.”

நோட்பேட் பிளஸ் பிளஸ் போடுங்கள். ‘வியூ’ மெனுவில் ‘ஷோ சிம்பல்’ என்பதற்குள் போனால் வழிகாட்டிக் கோடும், ஸ்பேஸையும் டேப்பையும் காட்டும் தெரிவும் இருக்கும். இரண்டையும் போடுங்கள். ஸ்பேஸ் ஆரஞ்சுப் புள்ளியாகவும் டேப் அம்பாகவும் தெரியும். ஒரு கவனம்: இதன் பொது இயல்பு டேப். பெயர் வைக்காத புதிய தாளில் அடித்தால் அது பைதன் என்று எடிட்டருக்குத் தெரியாது, டேப்தான் விழும். முதலில் பைதன் கோப்பாகச் சேமித்துவிட்டு அடிக்கத் தொடங்குங்கள். விழுந்துவிட்ட டேப்பை ‘எடிட்’ மெனுவில் ‘பிளாங்க் ஒப்பரேஷன்ஸ்’ வழியாக ஸ்பேஸாக்கலாம்.

லினக்ஸ் போட்ட பழைய இயந்திரம் என்றால் ஜீனி என்ற எடிட்டர் மிக இலகுவானது. ‘பிரிஃபரன்சஸ்’இல் எடிட்டர் பகுதியில் ‘டிஸ்பிளே’ என்ற தாளுக்குள் எல்லாம் இருக்கிறது.

விண்டோஸோடு வரும் சாதாரண நோட்பேடில் மட்டும் பைதன் எழுதாதீர்கள். அதில் டேப் பட்டன் டேப்பைத்தான் போடும், அது எங்கே விழுந்தது என்று பார்க்கவும் வழியில்லை.

போன்தான் இருக்கிறது. என்ன செய்வது?

அன்ட்ரொய்டில் பைட்ரொய்ட் 3 என்ற பைதன் செயலியைப் போடுங்கள். கீபோர்டுக்கு மேல் நிரல் எழுதும் குறியீடுகள் ஒரு வரிசையாக வரும், ‘:’ போட்டு அடுத்த வரிக்குப் போனால் தானே உள்ளே தள்ளும். போனைப் படுக்கையாகப் பிடியுங்கள், வரி மடிந்தால் ஆழம் குழம்பிவிடும்.

விம், ஈமாக்ஸ்?

இந்த இரண்டு எடிட்டர்களைப் பற்றிக் கேட்பவர்கள் அநேகமாகப் பல்கலைக்கழகத்துக்குப் போன என் பழைய மாணவர்கள். விம்மில் ‘செட் லிஸ்ட்’ கட்டளை குறிகளைக் காட்டும், ‘லிஸ்ட்சார்ஸ்’ எந்தக் குறி என்பதைத் தீர்மானிக்கும். புதிய பதிப்புகளில் அதற்குள் ‘லீட்மல்டிஸ்பேஸ்’ என்ற தெரிவில் ஒரு கோடும் மூன்று வெற்றிடமும் கொடுத்தால் நாலு நாலாக வழிகாட்டிக் கோடு கிடைத்துவிடும், வேறு பிளக்இன் வேண்டாம். நியோவிம்காரர்கள் ‘இன்டென்ட் பிளாங்க்லைன்’ போடுவார்கள். ஈமாக்ஸில் குறிக்கு ‘வைட்ஸ்பேஸ் மோட்’, கோட்டுக்கு ‘ஹைலைட் இன்டென்ட் கைட்ஸ்’.

வலைப்பக்கத்திலிருந்து கொப்பி பண்ணிய நிரல் ஓடவில்லை. டேப்பும் இல்லை.

அது மூன்றாவது வகைக் கள்ளன். வலைப்பக்கங்களில் வரி உடையாமல் இருக்கப் போடும் ஒருவகை இடைவெளி உண்டு, யுனிகோடில் அதன் எண் 160. பார்வைக்கு ஸ்பேஸ், ஆனால் ஸ்பேஸ் இல்லை. தமிழ் கீபோர்டை மாற்ற மறந்து அடிக்கும்போது சில வேளை அகலமே இல்லாத இணைப்பு எழுத்துகளும் விழுந்துவிடும். புதிய விஎஸ் கோட் இவற்றைச் சுற்றிப் பெட்டி போட்டுக் காட்டும். அந்தப் பெட்டியைக் கண்டால் வரியின் முன் பகுதியை முழுதாக அழித்துவிட்டு மீண்டும் டேப் பட்டனைத் தட்டுங்கள்.

தமிழில் குறிப்புரை எழுதினால் கோடு கோணாதா?

கோணாது, தைரியமாகத் தமிழில் எழுதுங்கள். வழிகாட்டிக் கோடு வரியின் தொடக்க இடைவெளியை மட்டுமே பார்த்து விழுகிறது. ‘கொ’, ‘ணை’ எல்லாம் ஆங்கில எழுத்தைவிட அகலமாக இருப்பதால் பிசகுவது வரியின் பின்பக்கம் வரிசையாக அடுக்கும் குறிப்புகள்தான். அவற்றைத் தனி வரியில், மேலே போடுங்கள். மாறிகளுக்கே தமிழ்ப் பெயர் வைக்கவும் பைதன் 3 அனுமதிக்கிறது. மேலே உள்ள ‘சித்தி’, ‘புள்ளி’ இரண்டும் அப்படியே ஓடும்.

கோடு போட்ட பிறகு பார்த்தால் ஆறு கோட்டுக்கு உள்ளே நிற்கிறேன். பிழையா?

பைதனுக்குப் பிழையில்லை. வாசிப்பவருக்குக் கஷ்டம். லினக்ஸ் கருவின் எழுத்து நடை விதி டேப்பை எட்டு இடமாக வைத்து, மூன்று படிக்கு மேல் போனால் நிரலைத் திருத்தச் சொல்கிறது. அகலமான உள்தள்ளல், ஆழமாகப் போகிறாய் என்று எச்சரிப்பதற்காகவே என்பது அவர்கள் நியாயம். நான் மூன்று என்று கறார் பிடிப்பதில்லை. நாலாவது கோடு விழுந்தால் நின்று பார்க்கச் சொல்வேன். உள்ளே இருப்பதை ஒரு தனிச் செயற்கூறாக வெளியே எடுக்கலாமா? ‘இது இல்லையென்றால் திரும்பிப் போ’ என்று நிபந்தனையைத் தலைகீழாக்கி முதலிலேயே முடித்துவிடலாமா? பெரும்பாலும் இரண்டாவதே போதும்.

பரீட்சையில் எடிட்டர் இல்லையே?

இல்லை. உயர்தர வினாத்தாளில் பேனாவால்தான் எழுத வேண்டும், அங்கே புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. அதனால் நான் கணக்குக்கு வாங்கும் கட்டம் போட்ட கொப்பியில் எழுதவைக்கிறேன். படிக்கு இரண்டு கட்டம். எழுதி முடித்தபின் பென்சிலால் மேலிருந்து கீழே கோடு இழுக்க வேண்டும். ‘ஃபோர்’ தொடங்கிய இடத்திலிருந்து அது முடியும் வரி வரை ஒரு கோடு, ‘இஃப்’புக்கு ஒரு கோடு. கோடு எங்கே நிற்க வேண்டும் என்று தடுமாறினால், அந்தப் பிள்ளைக்கு அந்த நிரல் இன்னும் விளங்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் மாதம் கட்டமில்லாத ஒற்றையில் எழுதச் சொல்வேன். கை தானாகவே இடம் விட்டுப் பழகியிருக்கும்.

கண் பார்வை இல்லாத பிள்ளைக்கு இந்தக் கோடு எப்படி உதவும்?

கோடு உதவாது, ஓசை உதவும். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பியின் செட்டிங்ஸில் ‘டொக்யுமென்ட் ஃபோர்மட்டிங்’ பகுதியில் உள்தள்ளலை அறிவிக்கும் தெரிவு இருக்கிறது. இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், நாம்தான் போட வேண்டும். பேச்சாகக் கேட்கலாம், தொனியாகக் கேட்கலாம், இரண்டும் சேர்த்தும் கேட்கலாம். பேச்சில் வைத்தால் எத்தனை ஸ்பேஸ், எத்தனை டேப் என்று சொல்லும். அதனால் கலப்புப் பிழையும் காதில் பட்டுவிடும். தொனியில் வைத்தால் ஸ்பேஸ் கூடக் கூடச் சுருதி ஏறும், ஒரு டேப்புக்கு நாலு ஸ்பேஸ் அளவு ஏறும்.

என்னிடம் வரும் ஒரு தம்பி தொனியைத்தான் வைத்திருக்கிறான். கீழ் அம்பை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போவான். ‘ஃபோர்’ தாண்டியதும் ஒரு படி ஏறும், ‘இஃப்’ தாண்டியதும் இன்னொரு படி, பிறகு ஒரேயடியாகக் கீழே இறங்கும். போன கிழமை பக்கத்துப் பிள்ளையின் லப்டொப்பில் ஹெட்போனைக் குத்தி அவளுடைய நிரலைக் கேட்டுவிட்டு, “அக்கா, உங்கட பிரின்ட் ஒரு படி மேல நிக்குது” என்றான். அவள் திரையைப் பார்த்தாள். ‘ஃபோர்’க்குள்தான் நின்றது.